எக்செல் கோப்புக்கு முகப்பு மெனு: இணைப்பா, மேக்ரோவா, ஒன்றுமே வேண்டாமா?

பினாங்கில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் குழு ஒன்றின் எக்செல் கோப்பு என் பொறுப்பில் இருக்கிறது. நன்கொடை, பற்றுச்சீட்டு, மளிகை, கூடார வாடகை, தொண்டர் முறைப்பட்டியல், சென்ற ஆண்டுக் கணக்கு, அதற்கும் முந்தைய ஆண்டுக் கணக்கு என்று தாள்கள் சேர்ந்துகொண்டே போனதில், கீழே உள்ள தாள்பட்டையில் பாதிப் பெயர்கள் கண்ணில் படுவதே இல்லை. பொருளாளர் அக்கா கேட்டார்: "தம்பி, கோப்பைத் திறந்ததும் எது எங்கே இருக்கிறது என்று காட்டுகிற பக்கம் ஒன்று முதலில் வரக்கூடாதா? வங்கிச் செயலியில் வருகிறதே, அப்படி."

வரவைக்கலாம். வழிகள் நிறைய இருப்பதுதான் தொல்லை. இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பவை பெரும்பாலும் பொத்தான்களும் வண்ணங்களும் நிறைந்த மேக்ரோ (கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் சிறு நிரல்) மெனுக்கள்தாம்; பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எது அழகு என்று பார்ப்பதற்கு முன்னால், கோப்பை யார் யார், எதில் திறக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். எங்கள் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவிடம் இருப்பது சொந்த மடிக்கணினி, அதில் எக்செல் 2016. அந்தப் பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஆனாலும் அது ஓடுகிறது, மாதச் சந்தா கட்ட அக்காவுக்கு மனமில்லை. செயலாளர் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர். கம்பெனி கொடுத்த மடிக்கணினியில் மைக்ரோசாப்ட் 365 உண்டு, மேக்ரோ மட்டும் ஓடாது. இளைஞர் பிரிவினர் புலனத்தில் (வாட்ஸ்அப்) வரும் கோப்பைக் கைப்பேசியிலேயே திறப்பார்கள். கணக்காய்வாளர் ஐயா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்னால் ஒரு முறை திறப்பார். கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போயாகவேண்டும் என்பதால், அந்த நேரத்தில் "வரவு செலவு எந்தத் தாளில்?" என்று அவர் தேடிக்கொண்டிருக்கக்கூடாது.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. எக்செலுக்கு "இது தொடக்கத் தாள்" என்று சொல்லிவைக்கிற அமைப்பு எதுவும் இல்லை. கடைசியாகச் சேமித்தபோது எந்தத் தாள் திறந்திருந்ததோ, அதே தாளில்தான் கோப்பு அடுத்த முறை திறக்கும். அக்கா மளிகைத் தாளில் சேமித்து மூடினால், ஐயாவுக்கு மளிகைதான் முதலில் தெரியும். ஆகவே "திறந்ததும் மெனு வரவேண்டும்" என்பதில் இரண்டு தேவைகள் கலந்திருக்கின்றன: மெனு வேண்டும், அது தானாகவே முன்னால் வரவும் வேண்டும். முதலாவதற்கு மேக்ரோ தேவையே இல்லை. இரண்டாவதைக் கட்டாயமாக்கவேண்டும் என்றால்தான் தேவை.

மெனுவே இல்லாமல் ஓட்டமுடியுமா?

முடியும். ஒருவர் மட்டுமே பயன்படுத்தும் கோப்பென்றால் நான் அதைத்தான் சொல்வேன். தாள்பட்டையின் இடது ஓரத்தில் இரண்டு சிறு அம்புக்குறிகள் இருக்கின்றன. அவற்றின்மேல் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தினால் எல்லாத் தாள்களின் பெயரும் ஒரு பட்டியலாக வரும். வேண்டியதைத் தேர்ந்தால் போதும். எக்செல் 2016இலும் இது உண்டு. ஆண்டுக்கணக்காக எக்செலோடு மல்லுக்கட்டுகிறவர்களிலேயே பலர் இதைக் கவனித்ததில்லை. கண்ட்ரோல் விசையோடு பேஜ் டவுன் அழுத்தினால் அடுத்த தாள், பேஜ் அப் அழுத்தினால் முந்தைய தாள். மைக்ரோசாப்ட் 365இல் வியூ பகுதியில் நேவிகேஷன் என்ற பலகமும் இருக்கிறது. தாள்களோடு அட்டவணைகளையும் பட்டியலிடும், பெயரைத் தட்டித் தேடவும் விடும். செயலாளருக்கு அது போதும். ஐயாவுக்குப் போதாது: பட்டியல் தாள்களின் பெயரைக் காட்டுமே தவிர, "பொதுக்கூட்டத்துக்குத் தேவையானவை இவை" என்று பிரித்துக் காட்டாது.

இணைப்புகள் கொண்ட முகப்புத் தாள்

பந்தல் குழுவுக்கு நான் தேர்ந்தது இதைத்தான். முதல் தாளுக்கு "முகப்பு" என்று பெயர் வைத்து, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி எழுதி, அந்த வரியைச் சொடுக்கினால் உரிய தாளுக்குப் போகும்படி செய்வது. சொல்லும்போது எளிதாக இருக்கிறது. ஆனால் இணைப்பை எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் இந்த முகப்பு நிலைப்பதும் குலைவதும்.

எல்லோருக்கும் தெரிந்த முறை, கண்ட்ரோல் விசையோடு கே அழுத்தி, "இந்த ஆவணத்தில் உள்ள இடம்" என்பதைத் தேர்ந்து, தாளைச் சுட்டுவது. இரண்டு நிமிட வேலை. ஆனால் எக்செல் 2016, 2019 போன்ற பதிப்புகளில் அந்த இணைப்பு தாளின் பெயரை வெறும் எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும். யாராவது "மளிகை" என்பதை "மளிகை 2026" என்று மாற்றிவிட்டால், இணைப்பு பழைய பெயரையே தேடிப்போய், "ரெஃபரன்ஸ் சரியில்லை" என்ற செய்தியோடு நின்றுவிடும். எங்களைப் போன்ற குழுக்களில் தாள்களுக்கு ஆண்டுதோறும் பெயர் மாறும். ஆகவே இந்த முறை ஓராண்டுக்குமேல் தாங்காது.

ஹைப்பர்லிங்க் சூத்திரத்தில் எழுதினாலும், தாள் பெயரை மேற்கோளுக்குள் தட்டச்சு செய்தால் கதை அதேதான். தீர்வு இரண்டு. ஒன்று, ஒவ்வொரு தாளிலும் தொடக்கக் கட்டத்துக்கு ஒரு பெயர் சூட்டி, இணைப்பைத் தாளுக்கு அல்லாமல் அந்தப் பெயருக்குக் கொடுப்பது. தாளின் பெயர் மாறினாலும் சூட்டிய பெயர் அதே கட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இப்படிச் சூட்டும் பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைப்பது என் வழக்கம். முகப்பில் தெரியப்போவது தமிழ் வரிதானே. இரண்டாவது தீர்வு எனக்கு இன்னும் பிடித்தது. ஹைப்பர்லிங்க் சூத்திரத்துக்குள் செல் என்னும் சூத்திரத்தை வைத்து, அதனிடம் "இந்தக் கட்டத்தின் முகவரியைச் சொல்" என்று கேட்பது. கட்டத்தைத் தட்டச்சு செய்யாமல் சுட்டியால் தொட்டுக் காட்டுகிறோம் அல்லவா? மற்றச் சூத்திரங்களில் நடப்பதுபோலவே, தாளுக்குப் பெயர் மாறினால் எக்செலே சூத்திரத்தைத் திருத்திக்கொள்ளும். முகவரிக்கு முன்னால் ஹாஷ் குறியை ஒட்டவேண்டும். "இதே கோப்புக்குள் தேடு" என்பதற்கான அடையாளம் அது. ஒரு வரிக்கு எழுதிப் பார்த்துவிட்டு, மற்ற வரிகளுக்கு நகலெடுத்துக் கட்டத்தை மட்டும் மாற்றினால் ஆயிற்று.

தமிழில் தாள் பெயர் வைக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு. தாள் பெயர் 31 எழுத்துக்குமேல் போகக்கூடாது என்பது எக்செலின் விதி. ஆனால் அது எண்ணுகிற முறை நாம் எண்ணுகிற முறை அல்ல. கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும். "தொண்டர் முறைப்பட்டியல்" நமக்கு 12 எழுத்து. எக்செலுக்கு, இடைவெளியையும் சேர்த்து, 22. பின்னால் ஓர் இடைவெளிவிட்டு 2026 என்று போட்டால் 27. சாய்கோட்டுக்கும் இடமில்லை என்பதால் "2025/2026" என்று தாளுக்குப் பெயர் வைக்கவும் முடியாது. நல்ல முகப்பு ஒன்று இருந்தால் இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை: தாளுக்கு "தொண்டர்" என்று குட்டிப் பெயர் கொடுத்துவிட்டு, முகப்பில் "தைப்பூசத் தொண்டர்கள்: யார், எந்த நேரம், எந்த இடம்" என்று விரிவாக எழுதிக்கொள்ளலாம். முகப்புத் தாளின் மிகப் பெரிய நன்மை என்று நான் கருதுவது இதைத்தான். விரைவாகத் தாவுவதற்கு அம்புக்குறியே போதும். விளக்கம் சொல்ல அதனால் முடியாது.

திரும்பி வரும் வழியையும் போட்டுவைக்கவேண்டும். முகப்பைத் தவிர மற்றத் தாள்கள் அனைத்தையும் ஷிப்ட் விசையோடு சேர்த்துத் தேர்ந்துகொண்டு, மேலே ஒரு வரிசையைச் செருகி, ஏ1 கட்டத்தில் "முகப்புக்கு" என்ற இணைப்புச் சூத்திரத்தை ஒரே ஒரு முறை எழுதினால், எல்லாத் தாளிலும் அது விழுந்துவிடும். முடிந்த உடனே முகப்பைச் சொடுக்கி அந்தக் கூட்டுத் தேர்வைக் கலைத்துவிடுங்கள். சாளரத்தின் தலைப்பில் குரூப் என்று காட்டிக்கொண்டிருக்கும்வரை, நன்கொடைத் தாளில் தட்டும் 50 ரிங்கிட் எல்லாத் தாளிலும் அதே கட்டத்தில் போய் உட்காரும். பிறகு தாள்தாளாகப் போய் மேல்வரிசையை உறையவைத்தால், எவ்வளவு கீழே இறங்கினாலும் "முகப்புக்கு" கண்முன் நிற்கும்.

முகப்புத் தாளின் பலவீனம், புதிதாகச் சேரும் தாள் அதில் தானாக ஏறாது என்பது. இதற்கு ஒரு சிறு காவல் வைத்திருக்கிறேன். ஷீட்ஸ் என்னும் சூத்திரம் கோப்பில் எத்தனை தாள்கள் என்று சொல்லும். எக்செல் 2013 முதல் உண்டு. அதிலிருந்து முகப்புக்காக ஒன்றைக் கழித்து, மெனுவில் உள்ள வரிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தாவிட்டால் "மெனுவில் சேராத தாள் இருக்கிறது" என்று சிவப்பில் காட்டும்படி செய்தேன். மறைத்துவைத்த தாள்களையும் அது எண்ணும் என்பதால், யாராவது ஒரு தாளைச் சத்தமில்லாமல் மறைத்துவைத்திருந்தாலும் தெரிந்துவிடுகிறது. மறைத்த தாளுக்கு இணைப்புக் கொடுத்தால் சொடுக்கினாலும் அசையாது. அதையும் நினைவில் வையுங்கள்.

தாள்கள் 40, 50 என்று போகும் கோப்பில் வரி வரியாக மெனு எழுதுவது வீண். அங்கே ஒரே ஒரு கட்டத்தில் கீழ்விரி பட்டியல் வைத்து, பக்கத்துக் கட்டத்தில் "செல்க" என்ற இணைப்பை அந்தப் பெயரோடு ஒட்டிவிடலாம். ஆளுக்கொரு தாள் வைத்துச் சம்பளக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கும், வகுப்புக்கொரு தாள் வைத்திருக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் இது நன்றாகப் பொருந்தும். பெயரைச் சுற்றி ஒற்றை மேற்கோள் போட மறக்கக்கூடாது. இடைவெளியுள்ள பெயர்கள் அது இல்லாவிட்டால் வேலை செய்யாது. இங்கே பெயர் எழுத்தாகத்தான் போகிறது. தாளின் பெயர் மாறினால் பட்டியலையும் கையால் மாற்றவேண்டும்.

சரி, திறந்ததும் முகப்பு வரவேண்டுமே? முகப்பில் நின்று சேமித்துவிட்டு மூடுவது ஒன்றுதான் இந்த முறையில் வழி. அக்காவுக்கு இதைப் பழக்குவது எளிதாகவே இருந்தது. சொடுக்கினால் போய்விடும் தூரத்தில் முகப்பு இருக்கிறது. மறந்தாலும் நட்டமில்லை, ஏ1 கட்டம் எல்லாத் தாளிலும் இருக்கிறதே.

மேக்ரோ மெனு

மேக்ரோவைக் குறைத்துச் சொல்லமாட்டேன். கோப்பு திறக்கும் கணத்திலேயே ஓடும்படி ஒரு நிரலை விபிஏ என்னும் எக்செலின் நிரல்மொழியில் எழுதிவைத்தால், யார் எந்தத் தாளில் சேமித்திருந்தாலும் முகப்பு முன்னால் வந்து நிற்கும். தாள்களை அதுவே எண்ணிப் பட்டியலிடும்; புதுத் தாள் சேர்ந்தால் அடுத்த முறை மெனுவிலும் இருக்கும். தேடல் பெட்டி வைக்கலாம், மறைந்த தாளைத் திறந்து காட்டி மறுபடி மறைக்கலாம். மேலே நான் கையால் செய்த காவல் வேலை எல்லாம் இதற்குத் தேவைப்படாது.

அது ஓடினால்தான் இவ்வளவும். மேக்ரோ உள்ள கோப்பை எக்ஸ்எல்எஸ்எம் வகையில் சேமிக்கவேண்டும். 2022 முதல், இணையம் வழியாக வந்த கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் இயல்பாகவே தடுக்கிறது. முன்பு மஞ்சள் பட்டை வரும், "அனுமதி" என்று அழுத்தினால் போதும். இப்போது வருவது சிவப்புப் பட்டை. அதில் அனுமதிக்கும் பொத்தான் இல்லை. கோப்பை மூடி, அதன் பண்புகளைத் திறந்து, "தடையை நீக்கு" என்ற கட்டத்தில் குறியிட்டு மறுபடி திறக்கவேண்டும். அல்லது நம்பகமான இடம் என்று குறித்துவைத்த கோப்புறையில் வைக்கவேண்டும். மின்னஞ்சலில் போய்வரும் ஒரு குழுக் கோப்புக்கு இதை ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு முறையும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? சிவப்பு எச்சரிக்கையைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்கிறவர்கள்தாம் விவரமானவர்கள். அவர்களிடம் போய் "பரவாயில்லை, தடையை எடுங்கள்" என்று சொல்லிப் பழக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. கம்பெனி மடிக்கணினியில் அந்த உரிமைகூடச் செயலாளருக்கு இல்லை. கைப்பேசியிலும் உலாவியில் திறக்கும் எக்செலிலும் விபிஏ மேக்ரோ ஓடவே ஓடாது. திறக்கும்போது ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் தொடக்க மேக்ரோ தாண்டிப் போய்விடும் என்பதும் தெரிந்திருக்கட்டும். மேக்ரோவைக் காவலாக நம்புகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

தமிழ்க்காரர்களுக்கு இங்கேயும் ஒரு கண்டம் இருக்கிறது. விபிஏ எழுதும் சாளரம் யூனிகோடு எழுத்துகளை ஏற்காது. "நன்கொடை தாளைத் திற" என்று நிரலில் எழுதினால், நன்கொடை இருக்கவேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும், நிரலும் தாளைக் கண்டுபிடிக்காது. தாளை அதன் உள்பெயரால் அழைக்கவேண்டும். தாள்பட்டையில் தெரிவதல்லாமல் எக்செல் தானாகக் கொடுக்கும் இன்னொரு பெயர் அது. பொத்தான்களில் தமிழ் வரவேண்டும் என்றால் அந்தச் சொற்களைத் தாளின் கட்டங்களில் எழுதிவைத்து, படிவம் (பொத்தான்கள் கொண்ட தனிச் சாளரம்) திறக்கும்போது அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் செய்யவேண்டும். செய்தியும் படிவத்தின் தலைப்பும் தமிழில் வராது. இதையெல்லாம் சமாளித்துவிடலாம். ஆனால் எனக்குப் பிறகு இந்தக் கோப்பை எடுத்து நடத்தப்போகிறவர் இதையெல்லாம் தெரிந்தவராக இருப்பாரா?

மேக்ரோ சரியாகப் பொருந்தும் இடம் என் கண்ணில் ஒன்றுதான்: ஒரே கணினி, ஒரே மேசை. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கணினி, மாறி மாறி உட்காரும் மூன்று பணியாளர்கள், கோப்பு அந்தக் கணினியை விட்டு வெளியே போவதில்லை. அங்கே நம்பகமான கோப்புறையை ஒரே முறை குறித்துவிட்டு, பெரிய பொத்தான்களோடு ஒரு படிவத்தைத் திறக்கவைத்தால் அருமையாக இருக்கும். ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும்: படிவம் திறந்திருக்கும்போதே தாளிலும் எழுதமுடிகிற வகையில் அதைக் காட்டச் சொல்லவேண்டும். இல்லையென்றால் படிவத்தை மூடும்வரை தாளைத் தொடமுடியாது, பணியாளர் முதல் நாளே அதை வெறுத்துவிடுவார். பொத்தான்களுக்கு ஆக்டிவ்எக்ஸ் வகையைத் தொடாதீர்கள். மைக்ரோசாப்ட் 365இல் 2025 முதல் அவை இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கின்றன.

மேக்ரோவுக்கும் முந்தைய தலைமுறைச் சூத்திரம் ஒன்றால் தாள் பெயர்களைத் தானாக வரவைக்கும் வித்தையைச் சிலர் இன்னும் பரிந்துரைக்கிறார்கள். அந்தப் பழைய வகை மேக்ரோவையும் எக்செல் இப்போது தடுக்கிறது, வேண்டாம். மேலே உள்ள நாடாவில் (ரிப்பன்) தனிப் பகுதி அமைப்பதும் அப்படித்தான்: ஒரு பந்தல் குழுவுக்கு அவ்வளவு வேலை மிகை.

கூகுள் ஷீட்ஸுக்குப் போனால்?

கைப்பேசியில் திறக்கிறவர்களே பெரும்பான்மை என்றால் இதை முதலில் யோசிக்கலாம். அங்கே ஒவ்வொரு தாளுக்கும் மாறாத எண் ஒன்று உண்டு. இணைப்பு அந்த எண்ணைப் பிடித்துக்கொள்வதால் தாளின் பெயர் எத்தனை முறை மாறினாலும் உடையாது. முகப்புத் தாளின் முகவரியை அப்படியே நகலெடுத்துப் புலனத்தில் போட்டால், அதைத் தட்டுகிறவருக்கு முகப்பே திறக்கும். கோப்பாகவே அனுப்பும் எக்செலில் மேக்ரோ இல்லாமல் கிடைக்காத வசதி இது. ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்னும் கூகுளின் நிரல் வசதியைக் கொண்டு மேலே தனி மெனு சேர்ப்பதும் எளிது, ஆனால் கைப்பேசிச் செயலியில் அது தெரியாது. ஆகவே இங்கேயும் இணைப்புத் தாளே மேல். அக்காவின் தயக்கம் வேறு: பந்தலில் ஆயிரக்கணக்கானோர் கூடும் நாளில் இணைய இணைப்பை நம்பிக் கணக்கு எழுத அவருக்குத் துணிவில்லை. அது நியாயமான தயக்கம் என்றுதான் எனக்கும் படுகிறது.

மறைப்பது பற்றி

மெனு என்று பேச்செடுத்தாலே "நன்கொடையாளர் பட்டியலை மற்றவர் பார்க்காதபடி வைக்கமுடியுமா?" என்ற கேள்வி வந்துவிடும். மெனுவில் போடாமல் விட்டால், அல்லது தாளை மறைத்தால், பார்வையில் படாது, அவ்வளவுதான். மறைத்த தாளின் பெயர் தெரிந்தவர் வேறொரு தாளில் சமக்குறி போட்டு அந்தக் கட்டத்தைக் கேட்டால் உள்ளே இருப்பது வந்துவிடும். விபிஏ வழியாக ஆழமாக மறைத்தாலும் இதே நிலைதான். தாளுக்குப் போடும் பாதுகாப்புச் சொல் தவறுதலாக அழித்துவிடாமல் காப்பதற்கு மட்டுமே. தொண்டர்களின் அடையாள அட்டை எண்கள் எங்கள் கோப்பிலும் முன்பு ஒரு தாளாக இருந்தன. அவற்றைத் தனிக் கோப்பாகப் பிரித்து, திறப்பதற்கே கடவுச்சொல் கேட்கும்படி வைத்து, செயலாளரிடம் ஒப்படைத்தோம். முகப்பில் "அடையாள அட்டை விவரம்: செயலாளரைக் கேட்கவும்" என்று ஒரு வரி மட்டும் உண்டு, இணைப்பு இல்லை.

பழைய ஆண்டுக் கணக்குகளையும் அதோடு சேர்த்து வேறு கோப்புக்கு மாற்றினேன். மெனு பாதியாகச் சுருங்கியது. மிஞ்சியவற்றைத் தாள் வரிசையில் அடுக்காமல், பந்தலுக்கு முன், பந்தல் நாள், பந்தலுக்குப் பின், பொதுக்கூட்டம் என்று வேலை வரிசையில் அடுக்கினேன். கணக்காய்வாளர் ஐயா கடைசிக் கொத்தில் உள்ள மூன்று வரிகளைத் தவிர வேறெதையும் தொடவேண்டியதில்லை. பழைய கோப்புக்கு முகப்பிலிருந்து இணைப்புக் கொடுக்கவில்லை. கோப்புறை இடம் மாறினாலோ வேறு கணினிக்குப் போனாலோ அது உடையும் என்பதால், கோப்பின் பெயரை மட்டும் எழுதிவைத்தேன்.

இளைஞர் பிரிவு இப்போது கூகுளுக்கு மாறலாம் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறது. மாறினால், செல் சூத்திரத்தை நம்பிய இந்த இணைப்புகளை அங்கே தாள் எண்ணை வைத்து மறுபடி போடவேண்டியிருக்கும். ஒரு மாலை நேரத்து வேலைதான். ஆனால் பற்றுச்சீட்டுகள் குவியத் தொடங்கிய பிறகு அதைச் செய்யமுடியாது. மாறுவதாக இருந்தால் பொதுக்கூட்டத்திலேயே முடிவெடுத்துவிடுங்கள் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.